பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது?

தம்பதியர் இருவரும் உத்தியோகம் பார்க்கும் வீடுகளில், பேறுகால விடுப்பு முடியும் நாள் நெருங்க நெருங்கக் கவலை பெருகும். 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரு மகப்பேற்றுக்கு 26 வாரம் விடுப்பு உண்டு. இருபத்தேழாம் வாரம் பிள்ளையை யார் பார்ப்பது? ஊரிலென்றால் பாட்டியோ அத்தையோ இருப்பார்கள். கல்கத்தாவில் ஆயாதான் கதி.

சென்ற மாதம் நம் இல்லத்திலும் இந்தப் படலம் நடந்தேறியது. ஆயா சென்டரில் விசாரித்தோம். பன்னிரண்டு மணி நேர முறைக்கு ஆள் தருவார்கள். ஒருவர் வராவிடில் வேறொருவர் வருவார். ஐந்து மாதக் குழந்தைக்கு நாளொரு முகம் ஒத்துவருமா என்று அஞ்சி விட்டுவிட்டோம். பின்னர் தெரிந்தவர் ஒருவர் குறைந்த சம்பளத்துக்கென ஒரு சிறுமியை அழைத்து வந்தார். பதின்மூன்று வயதுகூட இராது. பதினான்கு வயது நிரம்பாதோரை வீட்டு வேலைக்கு வைப்பது 2006-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டதாயிற்றே! சட்டம் கிடக்கட்டும், குழந்தையைக் காக்கக் குழந்தையா? தமிழறிந்த அம்மையார் ஒருவரும் வந்தார். இல்லாளுக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் அவர் இருந்த அரைமணி நேரமும் பிள்ளை அழுதது. அவரோ கைப்பேசியினின்று தலை நிமிரவில்லை.

ஸியால்தா தெற்குப் பிரிவில் விடியற்காலைக் கானிங் லோக்கலைக் கண்டவர்கள் அறிவார்கள். பாலிகஞ்சிலும் ஜாதவ்பூரிலும் இறங்கும் பெண்களில் பலர் வீட்டு வேலைக்கு வருவோர். 2009-ஆம் ஆண்டு ஐலா புயலில் உப்பு நீர் புகுந்து வயல் கெட்டபின் அந்த வண்டியில் ஏறத் தொடங்கிய மாஷி ஒருவர் நம்மிடம் வந்தார்.

முன்பு எங்கே வேலை செய்தீர்கள், ஏன் விட்டீர்கள், காய்ச்சல் கண்டால் முதலில் என்ன செய்வீர்கள் என்று, எழுதி வைத்திருந்த கேள்விகளையெல்லாம் கேட்டோம். பொறுமையாக விடை கூறிவிட்டு அவர் ஒன்று கேட்டார்: "பௌதி, நீங்கள் வரத் தாமதமானால் என் வண்டி போய்விடும். அப்போது நான் என்ன செய்வது?"

வேலையில் சேருமுன்பே புறப்படும் பேச்சா என்று இல்லாள் முகம் சுளித்தாள். முந்தைய வீட்டில் பிள்ளையைத் தனியே விட மனமின்றி, கடைசி வண்டியைத் தவறவிட்டு இருமுறை நிலையத்திலேயே இரவைக் கழித்ததாக மாஷி சொன்னார். வண்டி நேரத்தோடு நாள்தோறும் மல்லாடும் நமக்கே அந்தக் கேள்வி தோன்றவில்லையே என்று வெட்கமாயிருந்தது.

மாலை ஆறு மணிக்குள் நம்மில் ஒருவர் திரும்புவது, தவறினால் மிகைநேரக் கூலி, வண்டி போய்விட்டால் நம் வீட்டிலேயே படுக்கை, ஞாயிறு விடுமுறை, பூஜைக்கு ஒரு மாதச் சம்பளம். இவ்வளவையும் பேசி ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். காவல் நிலையத்தில் அவர் படமும் முகவரியும் கொடுத்தோம். அதைச் சந்தேகமென்று எண்ணாதபடி காரணத்தை முன்பே சொல்லிவிடுவது நலம்.

விடுப்பு முடியுமுன் மூன்று நாள், இல்லாள் வீட்டிலிருக்கும்போதே மாஷியை வரச் சொன்னோம். முதல் நாள் பிள்ளை அவரிடம் போகவில்லை. அவரும் பிடுங்கித் தூக்கவில்லை. தரையில் அமர்ந்து ஒரு எவர்சில்வர் தம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவன் தானே கை நீட்டினான்.

பேசத் தொடங்கினால் தண்ணீரை 'ஜொல்' என்றுதான் கேட்பானோ என்பது இல்லாளின் இப்போதைய கவலை. கேட்கட்டுமே, ஆறு மணிக்குமேல் தமிழ் நம் பொறுப்பு. மாஷியின் மாலை வண்டிகளின் நேரத்தை அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.