வாரத்துக்கு ஒரே ஊசி! வசதியா? ஆபத்தா?

சர்க்கரை வியாதிக்காக தினமும் ஊசி போட்டுக் கொள்கிறவர்களுக்கு ஒரு புதுச் செய்தி!

வாரத்துக்கு ஒரு முறை போட்டால் போதும் என்ற இன்சுலின் வந்திருக்கிறது. அதன் பெயர் ஐகோடெக். டென்மார்க் நாட்டுக் கம்பெனி தயாரித்தது.

2024-ம் ஆண்டு மே மாதம் ஐரோப்பாவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் ஜூலை மாதம் அமெரிக்கா அனுமதி கொடுக்காமல் நிறுத்தியது. தயாரிப்பு முறை பற்றியும், முதல் வகை சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் போடுவது பற்றியும் மேலும் விவரம் கேட்டது.

முதல் வகைக்காரர்களுக்கு உடலில் இன்சுலின் சுரப்பு அநேகமாக நின்று போயிருக்கும். சோதனையில், தின ஊசி போட்டவர்களைவிட வார ஊசி போட்டவர்களுக்கே ரத்தத்தில் சர்க்கரை அதிகத் தடவை இறங்கிப் போயிற்று. அதுதான் கவலை.

சில மணி நேரம் முதல் ஒரு வாரம் வரை

கனடாவில் 1921-ம் ஆண்டு இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதலில் போட்டார்கள். அந்த மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஒரு நாளில் பல ஊசிகள் போட வேண்டி இருந்தது.

பிறகு நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துகள் வந்தன. 2000-ம் ஆண்டில் அனுமதி பெற்ற கிளார்ஜின், சுமார் 24 மணி நேரம் வேலை செய்கிறது. தினம் ஒரு ஊசி போதும்.

வசதி பெரிதுதான். ஆனால் உள்ளே போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. அளவு தவறினால், மருந்து எவ்வளவு நேரம் வேலை செய்கிறதோ, ஆபத்தும் அவ்வளவு நேரம் நீடிக்கும்.

தவறு எங்கே நேருகிறது?

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்களில் இன்சுலின் போடுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

இங்கே இரண்டு வித பலத்தில் இன்சுலின் விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று. 100 யூனிட் உள்ளது இன்னொன்று. அதற்கு அதற்கென்று தனி சிரிஞ்சு உண்டு. 40-க்கு சிவப்பு மூடி. 100-க்கு ஆரஞ்சு மூடி.

100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் என்ன ஆகும்? 20 என்ற கோடு வரை எடுத்தால், உடலுக்குள் போவது 50 யூனிட்! இரண்டரை மடங்கு!

ஒரு வேளை ஊசி மறந்து போனால், மறுநாள் சேர்த்து இரண்டு பங்கு போடக் கூடாது. கிளார்ஜினை வேறு இன்சுலினோடு கலக்கவும் கூடாது. டாக்டரைக் கேட்காமல் அளவை மாற்றுவதும் தப்பு. ஊசியை நிறுத்துவதும் தப்பு.

வீட்டார் அறிய வேண்டியது

வியர்வை, கை நடுக்கம், பசி, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் - இவை சர்க்கரை இறங்கியதற்கு அடையாளம். சோதித்துப் பார்த்து 70-க்குக் கீழே இருந்தால், உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். ஏறிய பிறகு ஆகாரம் கொடுக்க வேண்டும்.

அதோடு விட்டுவிடக் கூடாது. நீண்ட நேர மருந்து உள்ளே இருப்பதால் சர்க்கரை மீண்டும் இறங்கலாம். இரவிலும் கவனம் தேவை.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரை ஏறி உயிருக்கே ஆபத்தாகும். உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

வார ஊசி நாளை எல்லா ஊருக்கும் வரலாம். அதுவரை, கடையில் மருந்து வாங்கும்போதே பாட்டிலில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்!