பாவம் பார்த்து வேலை கொடுக்கிறோமாம்

போன மாதம் ஹரோவில் ஒரு ஹோலில் பிறந்தநாள் விழா. என்னோடு ஒரே மேசையில் இருந்த நாலு பேரும் கடைக்காரர்கள். நானும் 22 வருஷம் கடை நடத்தி, விற்றுவிட்டு, இப்போது வீட்டில் இருப்பவன்தான். கதை வேலையாட்கள் பக்கம் திரும்பியது. ஒருவர் சொன்னார்: "படிக்க வந்த பெடியன் ஒண்டு நிக்குது. பாவம் எண்டு வேலை குடுத்திருக்கிறன். மணித்தியாலத்துக்கு ஆறு பவுண், கையில காசு. கிழமைக்கு நாப்பது மணித்தியாலம் செய்யுது." மற்றவர்கள் தலையாட்டினார்கள். "அந்தப் பெடியளுக்கு எங்களை விட்டா ஆர் இருக்கினம்?" என்றார் இன்னொருவர்.

நான் வாய் திறக்கவில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். இதற்குப் பெயர் பாவம் பார்ப்பது அல்ல, களவு.

கணக்கைப் பாருங்கள். மாணவர் விசாவில் பட்டப்படிப்புக்கு வந்த பிள்ளை தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் இருந்து ஒரு வருஷத்துக்கு 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 12 பவுண் 21 பென்ஸாக இருந்தது. அந்தக் கணக்கில் இருபது மணித்தியாலத்துக்கு 244 பவுண் 20 பென்ஸ். வேறு வேலை இல்லாத பிள்ளைக்கு வரியும் நஷனல் இன்சூரன்சும் சேர்த்து அதில் ஒரு பவுண்கூடக் கழியாது. நண்பர் கொடுப்பதோ நாற்பது மணித்தியாலத்துக்கு 240 பவுண். சட்டப்படி பாதி நேரத்தில் கிடைக்க வேண்டிய காசுதான் அது. மிச்சம் இருபது மணித்தியாலமும் அந்தப் பிள்ளை நண்பருக்குச் சும்மா உழைக்கிறது. அந்த நேரத்தில்தான் அது படித்திருக்க வேண்டும், நித்திரை கொண்டிருக்க வேண்டும்.

"அவன்தான் கூட மணித்தியாலம் கேக்கிறான்" என்பார்கள். உண்மைதான், கேட்பான். ஆறு பவுண் கொடுத்தால் வாடகை கட்ட நாற்பது மணித்தியாலம் வேண்டும்தானே. ஊரில் வீட்டை ஈடு வைத்து, வங்கியில் கடன் எடுத்து அனுப்பிய தகப்பனுக்கு அவன் என்ன பதில் சொல்வான்?

பிடிபட்டால் என்ன நடக்கும்? 2024 பெப்ரவரியில் இருந்து, விசா விதியை மீறி வேலை கொடுத்த முதலாளிக்கு முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண் வரை தண்டம். பெரிய தொகைதான். ஆனாலும் முதலாளி லண்டனிலேயே இருப்பார். பிள்ளையின் விசா போகும், படிப்பு போகும், கட்டின காசும் போகும். அந்தப் பயத்தால்தான் அவன் முறையிட மாட்டான். அந்தப் பயம் முதலாளிக்கும் தெரியும். ஆறு பவுணுக்கு ஆள் கிடைப்பதன் இரகசியம் இதுதான்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நானே செய்தவன்.

2009இல் திருச்சியில் இருந்து ஒரு தம்பி மாஸ்டர்ஸ் படிக்க வந்தான். அப்போது சட்டப்படியான சம்பளம் 5 பவுண் 80. நான் கொடுத்தது 3 பவுண் 50. இரவுச் சாப்பாடும் கொடுத்தேன். அதைப் பெரிய புண்ணியமாக நினைத்திருந்தேன். ஒரு சின்னக் கொப்பியில் தன் மணித்தியாலங்களை எழுதி வைப்பான். ஒரு நாளும் என்னோடு கணக்கு வழக்காடியதில்லை. படிப்பு முடிந்ததும் அப்போதிருந்த இரண்டு வருஷ வேலை விசா கிடைத்தது. இனி மணித்தியாலக் கட்டுப்பாடு இல்லை, முழு நேரமும் சட்டப்படி செய்யலாம். அப்போதும் நான் அவனைக் கணக்கில் எடுக்கவில்லை. பழைய சம்பளம், பழைய கொப்பி.

2011இல் ஒரு நாள் வந்து கேட்டான்: "அண்ணா, ஒரு கம்பெனியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கே வேலை செய்ததற்கு ஒரு கடிதம் தருவீர்களா?" நான் எப்படிக் கொடுப்பது? என் கணக்கில் அப்படி ஒரு ஆளே இல்லையே. ஏதோ சாட்டுச் சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு வருஷம் என் கடைத் திறப்பை வைத்திருந்து, விடிய ஆறு மணிக்குக் கடை திறந்தவன். அவனுக்கு ஒரு துண்டுக் கடிதம் கொடுக்க என்னால் முடியவில்லை. அடுத்த வருஷம் ஊருக்குப் போய்விட்டான். கள்ளச் சம்பளம் பிள்ளையின் காசை மட்டும் எடுப்பதில்லை. அவன் இந்த நாட்டில் உழைத்தான் என்ற அத்தாட்சியையும் எடுத்துவிடுகிறது.

இன்று அந்த விசாவுக்குப் பெயர் கிராஜுவேட் விசா. 2021இல் வந்தது. இரண்டு வருஷம். 2027 ஜனவரியில் இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் மூன்று வருஷம். இவ்வளவு குறுகிய காலத்தில் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை தேட வேண்டிய பிள்ளையை, "நில்லு, ஸ்பொன்சர் எடுத்துத் தாறன்" என்று சொல்லிக் கல்லாவில் நிறுத்தி வைக்கிறார்கள் சிலர். கல்லாவில் நிற்கிற வேலைக்கு ஸ்பொன்சர் விசா கிடையாது. அது சொல்பவருக்கும் தெரியும்.

"நாங்கள் வந்த காலத்தில படாத பாடா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1986இல் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தபோது எனக்குச் சம்பளம் குறைத்தவரும் எங்கள் ஆள்தான். அவரை நான் நன்றியோடு நினைப்பதில்லை. நீங்களும் உங்கள் முதல் முதலாளியை அப்படி நினைப்பீர்கள் என்று நான் நம்பவில்லை.

"கட்டுப்படியாகாது" என்பதும் தெரியும். வாடகை, கரண்ட் பில், பக்கத்தில் பெரிய சூப்பர் மார்க்கெற். நாற்பது மணித்தியாலத்துக்கு முடியாவிட்டால் இருபதுக்கு எடுங்கள். மிச்ச நேரம் நீங்கள் நில்லுங்கள். அல்லது ஒரு மணித்தியாலம் முந்திக் கடையைப் பூட்டுங்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலையும் இல்லை. ஷெயார் கோட் வாங்கி விசாவைச் சரிபாருங்கள். பல்கலைக்கழகத்திடம் இருந்து தவணைத் திகதிகளை எழுத்தில் எடுங்கள். மாஸ்டர்ஸ் பிள்ளைகளுக்குக் கோடை காலம் பெரும்பாலும் விடுமுறை அல்ல, ஆய்வுக் கட்டுரை எழுதும் காலம். அப்போதும் 20 மணித்தியாலம்தான். இதில் தவறுகிறவர்கள் பலர். முழுச் சம்பளமும் சம்பளச் சீட்டும் கொடுங்கள். நேர்முகத்துக்கு என்று கேட்டால் லீவு கொடுங்கள். போகும்போது ஒரு கடிதமும் கொடுங்கள்.

அந்த மேசையில் இருந்தவர்கள் இதை வாசித்தால் என்னோடு கோபிப்பார்கள். கோபிக்கட்டும். அதற்கு முன் தங்கள் கடையில் நிற்கிற பிள்ளையின் கொப்பியை ஒருக்கால் வாங்கிக் கூட்டிப் பார்க்கட்டும். நான் அதைச் செய்யவில்லை.