வாக்களித்த மறுநாள்

தேர்தலன்று விரலில் மை இட்டுக்கொண்டு வீடு திரும்பும் நாம், "நமது கடமை முடிந்தது, இனி ஆள்வோர் பார்த்துக்கொள்வர்" என்று ஓய்ந்துவிடுகிறோம். ஆனால் நம் வாழ்வைத் தொடும் முடிவுகள் பெரும்பாலும் ஒரு தேர்தலுக்கும் மறு தேர்தலுக்கும் இடைப்பட்ட நாட்களிலேயே எடுக்கப்படுகின்றன. அந்நாட்களில் அரசின் கதவைத் தட்டுவோர் யார்? தட்ட இயலாதோர் யார்? இம்மாதம் இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

நம் வேலம்பாளையத்துக்கு அருகிலுள்ள பெருமாநல்லூரில், 1970 ஜூன் 19 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள்மீது காவல் துறையினர் சுட்டதில் மூவர் உயிர் நீத்தனர். நாராயணசாமி நாயுடு தலைமையில் வளர்ந்த விவசாயிகள் சங்கம், 1972-இல் கோவை நகரின் வீதிகளை மாட்டு வண்டிகளால் நிறைத்தது. 1982-இல் அவர் தனிக்கட்சியும் கண்டார். தேர்தல் களத்தில் அக்கட்சி வேரூன்றவில்லை. ஆயினும் அவர்களது கோரிக்கை வீண்போகவில்லை. எம்.ஜி.ஆர். அரசு 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1989-இல் பதவியேற்ற கருணாநிதி அரசு விவசாயிகள் அனைவருக்கும் கட்டணமில்லா மின்சாரம் வழங்கின. கட்சியாக நின்று பெற இயலாததைச் சங்கமாக நின்று பெற்றனர் எனலாம்.

1996-இல் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சியில் வேறொரு வழி கையாளப்பட்டது. தங்கள் குறைகளை நாடு அறியவேண்டும் என்று விவசாயிகள் நூற்றுக்கணக்கில் வேட்புமனு அளிக்க, ஒரே தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டனர். வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாயிற்று. நாடு திரும்பிப் பார்த்தது உண்மையே. ஆனால் வென்றவர் தி.மு.க. வேட்பாளர்தாம். அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

அமெரிக்க நாட்டின் நடைமுறையையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். அங்குக் காங்கிரஸ் உறுப்பினர் தம் கட்சிக்கு மாறாக வாக்களித்தாலும் பதவியை இழப்பதில்லை. கட்சியின் வேட்பாளரையும் பெரும்பாலும் முதனிலைத் தேர்தலில் மக்களே தெரிவு செய்கின்றனர். ஆகவே அங்குள்ள சங்கங்களும் தொழில் அமைப்புகளும் ஒவ்வோர் உறுப்பினரையும் தனித்தனியே அணுகுகின்றன. தேர்தல் செலவுக்கு நிதியும் திரட்டுகின்றன. அவ்வாறு அணுகுவோர் தம்மைப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என 1946-இலேயே அங்குச் சட்டம் வந்தது. 1995-இல் அது மேலும் இறுக்கப்பட்டது.

நம் நாட்டிலோ, 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடாவின் ஆணையை மீறும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். எனவே சங்கங்கள் நம் தொகுதி உறுப்பினரை விடக் கட்சித் தலைமையையே நாடுகின்றன. யார் எதற்காக யாரை அணுகினர் என்பதைப் பதிவு செய்யும் சட்டமும் இங்கில்லை. கட்சிகளுக்குப் பணம் கொடுப்போரின் பெயரை மக்களிடமிருந்து மறைத்த தேர்தல் பத்திரத் திட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாதென்று தீர்ப்பளித்தது.

நம் நொய்யல் ஆற்றின் வரலாறும் இத்தகையதே. சாயக்கழிவு கலந்ததால், 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாத கழிவுநீர்த் தேக்கமாயிற்று. சாயப்பட்டறைகளுக்குச் சங்கம் உண்டு. ஏற்றுமதியாளருக்குச் சங்கம் உண்டு. ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிகளும் ஒன்றுகூடி நீதிமன்றத்தை நாடினர். கழிவு ஒரு சொட்டும் ஆற்றில் கலத்தலாகாது என 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அது நிறைவேறாமற்போகவே, 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட ஆணையிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் தேர்தல் நடந்தது. புதிதாக அமைந்த அரசு, சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்ய 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. ஒவ்வொரு தரப்பும் தன் குரலைக் கேட்கச் செய்தது.

பனியன் தொழிலாளரும் 1984-இல் பஞ்சப்படி கோரி 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து தம் வலிமையைக் காட்டினர். ஆனால் இன்று நம் பனியன் கம்பெனிகளில் அவர்களோடு தோளோடு தோள் நின்று உழைக்கும் பீகார், ஒடிசா இளைஞர்களை எண்ணிப்பாருங்கள். அவர்களுள் மிகப் பலரின் வாக்கு பிறந்த ஊரில். வியர்வையோ நம் ஊரில். இங்கு வாக்குக் கேட்டு அவர்களிடம் எவரும் வருவதில்லை. அவர்களுக்காகப் பேசும் வலிமையான சங்கமும் இல்லை. வாக்கும் சங்கமும் இல்லாதவனின் குரல் எந்தக் கோட்டைக்குக் கேட்கும்?

சங்கம் சேர்வது தவறன்று; அது மக்களின் உரிமை. நம் குடும்பங்களிலும் முதலாளி சங்கத்தவர் உண்டு, தொழிற்சங்கத்தவர் உண்டு, விவசாயிகள் உண்டு. அடுத்த முறை உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறும்போது, "இதனால் இக்கூட்டத்தில் இல்லாத எவருக்கேனும் தீங்கு உண்டா?" என்று எழுந்து கேளுங்கள். வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், நம் தெருவுக்கு என்ன செய்வீர்கள் என்பதோடு, வாக்கில்லாத நம் அண்டை வீட்டாருக்கு என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். விரலில் இட்ட மை சில வாரங்களில் அழிந்துவிடும். நம் கடமை அதனோடு அழிந்துவிடலாகாது.