பத்தாங் பெர்ஜுந்தையில் பேசிய பேச்சு

பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயர் இப்போது அரசாங்கப் பலகைகளில் இல்லை. 2007இல் அது பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. ஆனாலும் கோலசிலாங்கூர் சாலையில் பேருந்துக்கு நிற்கும் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் பழைய பெயரைத்தான் சொல்வார். இந்த நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்ட தென்னமாரம் தோட்டம் அந்த ஊரில்தான் இருக்கிறது. நட்ட ஆண்டு 1917. ஊர் பெயர் மாறிய அதே 2007இல், நவம்பர் 16ஆம் தேதி இரவு, அங்கே ஒரு கூட்டம் நடந்தது. பேசியவர்கள் வழக்கறிஞர்கள், கேட்டவர்கள் தோட்டத்து மக்கள், பேசிய மொழி தமிழ்.

ஒரே வாரத்தில், அந்தப் பேச்சு தேச நிந்தனை என்று சொல்லி இந்து உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் பொ. உதயகுமார், பொ. வேதமூர்த்தி, வீ. கணபதிராவ் மூவரையும் போலீஸ் பிடித்துக் கிள்ளான் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நிறுத்தியது. வேதமூர்த்தி ஜாமீனே வேண்டாம் என்று உள்ளே இருந்தார். வழக்கு தமிழில் தடுக்கி விழுந்தது. மூலப் பேச்சும் அதன் முறையான மொழிபெயர்ப்பும் இல்லாமல் எந்தச் சொல்லுக்காக ஒருவர் எதிர்வாதம் செய்வது? நவம்பர் 26ஆம் தேதி மூவரையும் நீதிமன்றம் வெளியே விட்டது. முந்தின நாள்தான் இண்ட்ராஃப் பேரணி மீது பத்துமலையிலும் ஜாலான் அம்பாங்கிலும் கண்ணீர்ப் புகை.

அதிலிருந்து பதினேழாம் நாள், டிசம்பர் 13, விசாரணையின்றி அடைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசா பாய்ந்தது. உதயகுமார், கணபதிராவ், ம. மனோகரன், ரா. கெங்காதரன் ஆகிய நான்கு வழக்கறிஞர்களும் அவர்களோடு கி. வசந்தகுமாரும் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு ஆண்டுத் தடுப்பு உத்தரவில் கையெழுத்திட்டவர் பிரதமர் அப்துல்லா அகமது படாவி. உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரும் அப்போது அவரே. இந்தத் தடவை மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. குற்றப்பத்திரிகையும் சாட்சியும் நீதிபதியும்கூடத் தேவைப்படவில்லை. கிள்ளானில் நிறுத்திய வழக்கு நிற்கவில்லை என்றால், இன்னும் நல்ல ஆதாரத்தோடு அதே கிள்ளானுக்குத் திரும்பி வருவதுதான் முறை. அரசாங்கம் கமுந்திங்குக்குப் போனது. நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாததைக் கையெழுத்தால் முடித்துக்கொண்ட இந்தச் செயலைத்தான் எதேச்சாதிகாரத் தடுப்புக் காவல் என்கிறோம். வேறு கடினமான விளக்கம் அதற்கு வேண்டியதில்லை.

இவர்களுக்கு விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று அப்போது அரசுத் தரப்பில் பேசினார்கள். எந்த நீதிமன்றத்திலும் அது நிரூபிக்கப்படவில்லை. ஆட்கொணர்வு மனு கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அமைச்சருடைய திருப்தி நியாயமானதா என்று நீதிபதிகள் கேட்கவே கூடாது என 1989இல் சட்டத்தில் சேர்த்த பிரிவு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கணபதிராவும் கெங்காதரனும் 2009 ஏப்ரலில் வெளியே வந்தார்கள். மற்ற மூவரும் மே 9ஆம் தேதி வந்தார்கள். போன நாளையும் வந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 514 நாள். நீரிழிவு நோயாளியான உதயகுமாருக்கு உள்ளே முறையான சிகிச்சை கிடைக்கவில்லை என்று அவரும் குடும்பத்தாரும் திரும்பத் திரும்பப் புகார் செய்தார்கள். பிரிட்டிஷ் பிரதமருக்கு எழுதிய கடிதத்துக்காக 2013இல் தேச நிந்தனைத் தண்டனை பெற்றுக் காஜாங் சிறைக்குப் போனபோதும் அதே புகார் எழுந்தது. சர்க்கரை வியாதிக்காரருக்குச் சாப்பாடும் மருந்தும் காலில் படும் புண்ணும் உயிர்ப் பிரச்சினை என்பதைத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வீட்டுக்கு ஒருவராவது கால்விரல் இழந்தவர் இருக்கும் லயங்கள் நமக்குத் தெரியும்.

பிரிட்டிஷ் பிரதமருக்கு எழுதிய அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு சொல்லையும் நாம் ஏற்கவில்லை. சில சொற்கள் மிகை, சில சொற்கள் வழக்குக்கே கேடு செய்தவை. மிகையாகப் பேசினால் பதில் பேசலாம், அவதூறு என்றால் வழக்குப் போடலாம். சிறை வைப்பது பதில் ஆகாது. ஆட்சியில் இருந்தவர்களுக்கு உண்மையான பதில் 2008 மார்ச்சில் கிடைத்தது. 2007 ஏப்ரல் 28ஆம் தேதி ஈஜோக் இடைத்தேர்தலில் ம.இ.கா. வேட்பாளர் 1,850 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். ஓராண்டுகூட முழுதாக ஓடவில்லை. 2008 மார்ச் 8ஆம் தேதி, அவரிடம் தோற்ற காலிட் இப்ராஹிம் அதே ஈஜோக்கில் வென்று சிலாங்கூர் மந்திரி புசார் ஆனார். கமுந்திங்கில் அடைபட்டிருந்த மனோகரன் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியைப் பிடித்தார்.

வழக்கறிஞரைப் பிடிப்பதற்கும் தோட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று நகரத்து வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால், நிலம் கைமாறினால், மூன்று தலைமுறையாக இருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு காகிதம் வரும். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதைப் படித்துச் சொல்ல, பதினான்கு நாளில் பதில் போட, கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் தேட, பிரேத அறைக்கு வெளியே நிற்கும் தாயிடம் இரண்டாவது பிரேதப் பரிசோதனை கேட்கலாம் என்று சொல்ல ஒரு லோயர் வேண்டும். கூலி வாங்காமல் வருகிற லோயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் ஒரு சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டு எத்தனை வாசலில் நின்றன என்பதை வட சிலாங்கூர் அறியும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வழக்கறிஞரைத் தூக்கினால் நூறு குடும்பத்தின் கோப்பு மேசையிலேயே கிடந்துபோகும். நேரே மக்களைத் தொட்டால் சத்தம் வரும், அவர்களுக்காக எழுதுபவனைத் தொட்டால் போதும் என்ற கணக்கு ஆள்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

கணக்கும் பழசுதான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். துரையையும் கிராணியையும் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அரசாங்கம் முதலில் தேடிப் பிடித்தது அவர்களுக்காகப் பேசிய ‘தமிழ் நேசன்’ பத்திரிகையாளர் ஆர்.எச். நாதனை. விசாரணை நடக்கவில்லை, நாடு கடத்தினார்கள். அவரை விடச் சொல்லி வேலைநிறுத்தம் இன்னும் பரவியது, பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மடிந்தார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு கருவி கைமாறியது. கமுந்திங் ஐவருக்காக வாதாடிய கர்ப்பால் சிங்கே 1987 ஓப்ஸ் லாலாங் கைது நடவடிக்கையில் அதே முகாமில் கிடந்தவர். தடுப்பு உத்தரவில் தவறு இருக்கிறது என்று 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. சில மணி நேரத்துக்குள் போலீஸ் அவரைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. 2009 மே 7ஆம் தேதி, அதாவது உதயகுமார் வெளியே வருவதற்கு இரண்டு நாள் முன்பு, பிரிக்ஃபீல்ட்ஸ் காவல் நிலைய வாசலில் இன்னொன்று நடந்தது. மெழுகுவத்தி ஏந்தி நின்று கைதானவர்களைப் பார்க்கப் போன சட்ட உதவி வழக்கறிஞர்கள் ஐவரையே பிடித்து இரவெல்லாம் லோக்காப்பில் வைத்தார்கள். கட்சிக்காரரைப் பார்க்க அனுமதி கேட்டதுதான் அவர்கள் செய்தது. பிறகு மனித உரிமை ஆணையமான சுஹாக்காம் விசாரித்து, அங்கே மனித உரிமை மீறப்பட்டது என்றே முடிவு சொன்னது.

‘இசா ஒழிந்துவிட்டது, இன்னும் ஏன் பழங்கதை?’ என்பார்கள். 2012இல் அது போனது உண்மை. அதன் இடத்தில் வந்த பாதுகாப்புக் குற்றச் சட்டமான சொஸ்மாவில், நீதிபதியிடம் கொண்டுபோகாமலே காவல்துறை ஒருவரை 28 நாள் வைத்திருக்கலாம். வழக்கறிஞரைப் பார்ப்பதை 48 மணி நேரம் தள்ளிப்போடலாம். வழக்குப் பதிவானாலும் 13ஆம் பிரிவு பெரும்பாலோருக்கு ஜாமீனை மறுக்கிறது. குற்றத்தடுப்புச் சட்டமான பொக்காவில் ஒருவரை இரண்டு ஆண்டு அடைக்கலாமா என்று நடக்கும் விசாரணையில், அவருடைய சொந்த வாக்குமூலம் பதிவாகும் நேரம் தவிர வழக்கறிஞர் உடன் இருக்க முடியாது. சாதாரணக் குற்ற நடைமுறைச் சட்டத்திலேயே, கைதானவர் வழக்கறிஞரைப் பார்க்கலாம் என்று 28ஏ பிரிவு ஒரு கையால் கொடுக்கிறது. அதன் எட்டாம் உட்பிரிவு, சில காரணங்கள் இருப்பதாக அதிகாரி நம்பினால் மறுக்கலாம் என்று மறு கையால் வாங்கிக்கொள்கிறது. வழக்கறிஞரை அணுகும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 5ஆம் விதி இதற்கெல்லாம் மேலே எழுதியபடி இருக்கிறது. வழக்கறிஞரைக் கைது செய்வதற்கு இப்போது அவசியம்கூட இல்லை. கதவுக்கு வெளியே நிற்க வைத்தால் போதும்.

இங்கே நம் வாசகர்களிடமும் ஒரு வார்த்தை. இண்ட்ராஃப் தலைவர்களுக்காகக் கற்பூரம் ஏற்றிய அதே வாய்கள், இன்று சொஸ்மாவிலும் பொக்காவிலும் நம் பையன்கள் போகும்போது ‘குண்டர் கும்பல்தானே, கிடக்கட்டும்’ என்கின்றன. கும்பல்களால் நம் தோட்டங்களும் தாமான்களும் பட்ட பாட்டை நாம் மறைக்கவில்லை. கொலை செய்தவன் மீது கொலை வழக்கு வரட்டும், சாட்சி வரட்டும், தண்டனை வரட்டும். ஆனால் 2019 அக்டோபரில் விடுதலைப் புலி ஆதரவு என்று சொல்லி இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்படப் பன்னிரண்டு பேரைப் பிடித்தது இதே சொஸ்மாதான். மாதக்கணக்கில் உள்ளே வைத்துவிட்டு, 2020 பிப்ரவரியில் வழக்கே வேண்டாம் என்று சட்டத்துறைத் தலைவர் கைவிட்டார். அவர்களைப் பிடித்தது கும்பல் குற்றத்துக்காக அல்ல. யார் குண்டர், யார் தலைவர் என்று நீதிபதி பார்க்கும் முன்னே தீர்மானிக்கும் சட்டம் நமக்கு வேண்டியவரை மட்டும் விட்டுவிடும் என்று எண்ணுவது பேதைமை.

உள்ளே இருந்தவர்கள் பலர் பிறகு மேலே வந்தார்கள். கணபதிராவ் சிலாங்கூர் ஆட்சிக்குழுவில் இருந்துவிட்டுக் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். வேதமூர்த்தி அமைச்சராகவே இருந்தார். பிரதமர் அன்வார் இப்ராஹிம் 1974இல் பாலிங் விவசாயிகளுக்காகப் போய்க் கமுந்திங்கில் இரண்டு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கழித்தவர். அந்தச் சுவரின் ஈரம் தெரிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியது ஒன்றுமில்லை. கேட்க வேண்டியதுதான் இருக்கிறது. 28ஏ பிரிவின் எட்டாம் உட்பிரிவை நீக்குங்கள். பொக்கா விசாரணை முழுவதிலும் வழக்கறிஞரை விடுங்கள். சொஸ்மாவின் 13ஆம் பிரிவை எடுத்து, ஜாமீனை நீதிபதியின் கையில் திருப்பிக் கொடுங்கள். பத்தாங் பெர்ஜுந்தைப் பேச்சைக் குற்றமாக்கிய தேச நிந்தனைச் சட்டம் 1948இல் வெள்ளைக்காரன் போட்டது. அதைக் கட்டிக் காப்பதில் இந்த அரசுக்கு என்ன பெருமை என்று நமக்கு விளங்கவில்லை. இவற்றில் எதற்கும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டியதில்லை.

சொஸ்மாவின் 28 நாள் பிரிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் அனுமதி கேட்டு வந்தாக வேண்டும். 2022 மார்ச் 23ஆம் தேதி வந்தபோது மக்களவை அதை 86க்கு 84 என்று தோற்கடித்தது. ஜூலையில் திரும்பக் கொண்டுவந்து நிறைவேற்றிக்கொண்டார்கள். அந்த ஐந்தாண்டு 2027 ஜூலை இறுதியில் முடிகிறது. மார்ச்சில் வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் பலர் அன்று எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார்கள், இப்போது அரசாங்க வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோலசிலாங்கூரிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், தேர் இழுக்க நன்கொடை கேட்கும்போதே இதையும் கேட்டுவிடலாம்: அந்தப் பிரிவு திரும்ப வந்தால் உங்கள் கை எந்தப் பக்கம்?