கடல்தரை கூறும் சான்று

காஞ்சி மாநகரில் குமரகோட்டம் என்னும் முருகன் திருக்கோயில் உள்ளது. அக்கோயிலின் அருச்சகராக விளங்கிய கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தை இயற்றி அங்கேயே அரங்கேற்றினார் என்பர். பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களையுடைய அப்பெருநூலில், உலகின் அமைப்பை விரித்துரைக்கும் அண்டகோசப் படலத்தில், குமரி கண்டம் என்னும் பெயர் வருகிறது. பரத கண்டத்தின் ஒன்பது பிரிவுகளுள் ஒன்றாக அது அங்கே சுட்டப்படுகிறது. கடலுள் அமிழ்ந்த நிலமாகச் சுட்டப்படவில்லை. ஆயினும், இந்நாளில் அப்பெயரைக் கேட்ட அளவில் மாணாக்கர் உள்ளத்தில் தோன்றுவது வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரந்து கிடந்த பெருநிலம் ஒன்று இந்துமாக்கடலுள் மூழ்கிப்போயிற்று என்றும், அதுவே தமிழரின் முதல் தாயகம் என்றும் அவர்கள் மேடைகளிற் கேட்டிருக்கின்றனர். நூல்கள் சிலவற்றிற் படித்தும் இருக்கின்றனர்.

அம்மாணாக்கரே புவியியல் வகுப்பில், புவி ஒரு பெருங்காந்தம் என்றும், கடல்தரை நடுவிலிருந்து இருபுறமும் விரிகின்றது என்றும் மனப்பாடம் செய்கின்றனர். முன்னர்க் கேட்டதைப் பின்னர்க் கற்றது மறுக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் அரியர். காந்தமும் கடல்தரையும் வெறும் இலக்கணங்களாக ஏட்டில் எழுதப்பட்டு, தேர்வு முடிந்ததும் மறக்கப்படுகின்றன. இது வருந்தத்தக்கது. இந்துமாக்கடலைப் பற்றித் தமிழ் மாணாக்கர் கேட்கக்கூடிய மிகப் பெரிய வினாவுக்கு விடை அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது.

மூழ்கிய கண்டம் என்னும் கருத்துத் தோன்றிய வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும். இலெமூர் என்னும் விலங்கினம் மடகாசுகரில் மிகுதியாக வாழ்கிறது. அதற்கு உறவான சிற்றுயிர்கள் இந்தியாவிலும் உள்ளன. இடையே விரிந்த கடல் கிடக்க, இவை இரு நிலங்களிலும் பரவியது எவ்வாறு? இங்கிலாந்து நாட்டு விலங்கியல் அறிஞர் ஸ்கிளேட்டர் 1864-ஆம் ஆண்டில் இதற்கு விடை கூறப் புகுந்து, அங்கே முன்பு ஒரு நிலம் இருந்திருக்கவேண்டும் எனக் கருதி, அதற்கு இலெமூரியா என்று பெயரிட்டார். நிலங்கள் இடம்பெயரும் என்பதை அறியாத காலத்தில் அது தக்க ஊகமே. தமிழறிஞர் சிலர், பழைய உரைகளிற் கூறப்படும் கடல்கோளையும் இவ்விலெமூரியாவையும் ஒன்றாகக் கொண்டனர். இரண்டும் இணைந்த பின்னர், உரையாசிரியர் சொல்லாதனவும் ஸ்கிளேட்டர் சொல்லாதனவும் அதனோடு வளர்ந்தன.

இனிக் காந்தத்துக்கு வருவோம். காந்தமேற்றிய ஊசி ஒன்றை முறுக்கில்லாத பட்டிழையில் நடுவே கட்டித் தொங்கவிட்டால் அது வடக்கு தெற்காக நிற்கும். பட்டிழைக்குக் காஞ்சியில் பஞ்சம் இல்லை. ஊசி வடக்கை நோக்குவதைக் காட்டிய அளவோடு ஆசிரியர் நின்றுவிடலாகாது. அவ்வூசி சாயவும் செய்யும். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், காஞ்சியில் ஊசி ஏறத்தாழக் கிடையாகவே நிற்கிறது. வடக்கே செல்லச் செல்ல அதன் வடமுனை மேலும் மேலும் கீழ்நோக்கிச் சாய்ந்து, காந்தத் துருவத்தில் செங்குத்தாக நிற்கும். தென்பாதியிலோ தென்முனை கீழ்நோக்கும். ஆகவே, ஊசியின் சாய்வைக் கொண்டே அது புவியில் எவ்விடத்தில் இருக்கிறது என்பதை ஒருவாறு கூறலாம். இந்தக் காந்தப்புலம், ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே உருகி ஓடும் இரும்பின் இயக்கத்தால் உண்டாவது.

எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்பொழுது, அதிலுள்ள இரும்புத் துகள்கள் அந்நாளைய காந்தத் திசையை ஏற்று அவ்வாறே நிலைத்துவிடுகின்றன. பாறை பின்னர் எங்குச் சென்றாலும் தன் பிறப்பிடத்தின் சாய்வைத் தன்னோடு எடுத்துச் செல்லும். தக்காணத்துக் கரும்பாறைகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி ஆறியவை. இலண்டன் ஆய்வாளர் கிளெக்கும் அவருடைய தோழர்களும் அவற்றின் காந்தச் சாய்வை அளந்து 1956-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இப்பாறைகள் இறுகியபொழுது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தன என்பது அவ்வளவுகளாற் புலப்பட்டது. நிலம் அசையாதிருக்கக் கடல் அதனை விழுங்கியது என்று எண்ணியிருந்தோம். நிலமோ கடல் கடந்து நடந்து வந்திருக்கிறது!

காந்தப்புலம் தன் திசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்வதும் உண்டு. பிரெஞ்சு அறிஞர் புருன் 1906-லும் ஜப்பானிய அறிஞர் மத்துயாமா 1929-லும் இதற்கான பாறைச் சான்றுகளை எடுத்துக்காட்டினர். கடைசியாக நிலைத்த மாற்றம் ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது.

கடல்தரையைப் பற்றிய முடிவு தெளிவானது இந்துமாக்கடலில்தான் என்பதை ஆசிரியர் பலர் கூறுவதில்லை. அரபிக்கடலுக்குத் தெற்கே, இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே, நீரடியில் ஒரு மலைத்தொடர் கிடக்கிறது. 1928 முதல் 1930 வரை நடந்த டென்மார்க்கு நாட்டு ஆய்வுப் பயணத்தின் பயனாக அது கார்ல்ஸ்பர்க் மலைத்தொடர் என்று பெயர் பெற்றது. 1962-ஆம் ஆண்டில், பன்னாட்டார் கூடி இந்துமாக்கடலை ஆராய்ந்த காலத்தில், ஓவன் என்னும் பிரிட்டிஷ் அளவைக் கப்பல் காந்தமானியை நீரில் இழுத்துக்கொண்டு அத்தொடரின் குறுக்கே பலமுறை சென்றது. அக்கப்பலில் இருந்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் மாத்தியூஸ். அளவுகளை ஆராய்ந்தவர் அவருடைய மாணாக்கர் வைன். கடல்தரையில் காந்தம் நேராகவும் தலைகீழாகவும் மாறி மாறிப் பட்டை பட்டையாக இருப்பதற்கு இருவரும் காரணம் கூறினர்; அவர்தம் கட்டுரை 1963-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. அதே கருத்தைத் தாமே கண்ட கனடா நாட்டு மோர்லியின் கட்டுரையை அவ்வாண்டிலேயே இதழ்கள் ஏற்க மறுத்தன. அறிவுலகமும் சிலவேளை இவ்வாறு தவறுவது உண்டு.

அக்காரணத்தைக் காஞ்சி மாணாக்கர் தறியைக் கொண்டு எளிதில் உணர்வர். ஊடையின் நிறத்தை நெசவாளர் மாற்றினால், நெய்யப்படும் துணியில் பட்டை மாறுகிறது. முதலில் நெய்த பகுதி சுருளின் உள்ளே கிடக்கும். சற்றுமுன் நெய்தது கைக்கு அருகே இருக்கும். பட்டைகளை எண்ணினால் நெய்த வரிசையை அறியலாம். இனி, இரண்டு தறிகள் முதுகோடு முதுகாக நின்று, ஒரே நேரத்தில் ஒரே நிறத்து ஊடையை ஏற்று, எதிரெதிர்த் திசையில் துணியைச் செலுத்துவதாகக் கொள்க. இரு துணிகளிலும் பட்டைகள் ஒன்றற்கொன்று ஒத்திருக்கும். மலைத்தொடரின் நடுவிலுள்ள பிளவு அத்தறிகளின் இடம். அடியிலிருந்து எழும் குழம்பு அந்த ஊடை. காந்தப்புலத்தின் திசைமாற்றமே நிறமாற்றம். கார்ல்ஸ்பர்க் தொடரில் இத்துணி ஆண்டொன்றுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டரே வளர்கிறது. சேலையின் ஓரத்தையும் கடலின் ஓரத்தையும் கரை என்னும் ஒரே சொல்லால் வழங்கிய தமிழுக்கு இவ்வுவமை அயலானதன்று.

இதனால் மூழ்கிய கண்டத்துக்கு நேர்ந்தது யாது? பட்டைகளின் வரிசையிலிருந்து இந்துமாக்கடலின் தரை எப்பொழுது எங்கே பிறந்தது என்பதை அறிஞர் கணித்துவிட்டனர். அது பெரும்பாலும் ஏழு கிலோமீட்டர் தடிப்புள்ள கரும்பாறை. கண்டங்களோ ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் தடிப்புடையன. எடை குறைந்த பாறையால் ஆனமையின் மிதந்து நிற்பன. அத்தகைய பெருங்கண்டம் அமிழ்ந்து மறைய அங்கே இடம் இல்லை. செஷெல்ஸ் தீவுகளின் கருங்கல்லும், மொரீஷியசில் கிட்டிய மிகப் பழைய மணிக்கற்களும் கண்டத் துணுக்குகள் அங்கு உண்டு என்று காட்டுவது மெய். ஆயின் அவை மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்னரே பிரிந்தவை. அவற்றைக் கொண்டு சங்கம் கூட்ட இயலாது.

இவ்வாறு கற்பித்தால் தமிழின் தொன்மைக்கு இழுக்கு நேரும் என்று அஞ்சுவோர் உளர். அவர்தம் தமிழன்பு போற்றத்தக்கது, அச்சமோ வேண்டாதது. கடல்கோளின் நினைவு பொய்யென்று கடல்தரை கூறவில்லை. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள ஆழமில்லாக் கடல் அன்று நிலமாகக் கிடந்தது. பின்னர் நீர் ஏறிற்று. கடற்கரை வாழ்வோர் தம் நிலத்தைக் கடலுக்கு இழத்தல் எக்காலத்தும் நிகழ்வது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளின் ஆழிப்பேரலையை இன்றும் பலர் மறவார். இழந்தது கரையோர நிலம் எனக் கொள்ளின் பழைய நூல்களோடு முரண் இல்லை. அடியார்க்குநல்லார் தம் உரையிற் கூறும் எழுநூற்றுக் காவதத்தைக் காவதம் பத்து மைல் என்று பெருக்கினாலோ 7,000 மைல் ஆகிறது. குமரிமுனைக்கும் தென்துருவத்துக்கும் உள்ள தொலைவு 6,800 மைலுக்குக் குறைவு. அவ்வாறு கணக்கிடுவோர் பஃறுளியாற்றைத் துருவத்துக்கு அப்பால் ஓடச்செய்கின்றனர் என்பதை ஒரு கணம் எண்ணிப்பார்ப்பாராக.

ஆகவே, கடல்கோளைக் கற்பிக்கும் தமிழாசிரியரும் காந்தத்தைக் கற்பிக்கும் அறிவியல் ஆசிரியரும் ஒருவரோடொருவர் கலந்து பேசுதல் வேண்டும். உரைப்பகுதியைப் படித்த மாணாக்கர், இந்துமாக்கடலின் தரைப் படத்தையும் விரித்துப் பார்க்கட்டும். எந்தப் பட்டை எந்தப் பட்டைக்கு இணை என்று தாமே தேடட்டும். ஆசிரியர் முடிவைச் சொல்ல விரையாமல் பொறுத்திருத்தல் நன்று.

காஞ்சி மாவட்டத்து மாணாக்கருக்கு வேறொரு பேறும் உண்டு. திருப்பெரும்பூதூரைச் சுற்றிய நிலப்படிவுகளில், சைகஸ் என்னும் தாவரத்தை ஒத்த இலைகளின் கல்லச்சுகள் கிடைக்கின்றன. சென்னைக் கரையோரப் படிவுகளின் இத்தகைய தாவரச் சின்னங்களை ஃபைஸ்ட்மாண்டல் என்னும் அறிஞர் 1879-ஆம் ஆண்டில் விரிவாக எழுதி வெளியிட்டார். அவ்விலைகள் உதிர்ந்தது பன்னிரண்டு, பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரியத் தொடங்கியதும், இன்றைய கிழக்குக்கரை முதன்முதல் ஒரு கரையானதும் ஏறத்தாழ அக்காலத்திலேதான். இலை பதிந்த அக்களிமண் கல்லைக் கையில் ஏந்தும் சிறுவன், அன்று பக்கத்து நிலமாக இருந்தது இன்று பனிமூடிய தென்கண்டத்தின் கரை என்பதையும், இடைப்பட்ட கடல்தரை முழுவதும் அந்த இலைக்குப் பின்னர் நெய்யப்பட்டது என்பதையும் வகுப்பறையில் ஒரு படத்தைக் கொண்டே கண்டுகொள்வான்.