கோழிக்கும் எனக்கும் நடுவில் பத்தடி

பாம்பைக் கண்டால் பயம் என்று சொல்லுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். உயரமான இடத்தில் தலை சுற்றும் என்று சொன்னால் "எனக்கும்தான்" என்று துணைக்கு ஒருவர் வருவார். கோழியைக் கண்டால் பயம் என்று சொல்லிப் பாருங்கள். "அப்படியா? கோழிக்கறி மட்டும் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். வானொலியில் இருப்பவள் என்பதால் எதையும் பேசிச் சமாளித்துவிடுவேன். இந்தக் கேள்விக்கு மட்டும் நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவது வழக்கம்.

பறவைகள் மேல் வரும் இந்தப் பயத்துக்கு 'ஆர்னிதோஃபோபியா' என்று ஒரு பெயரே உண்டு. என்னைப் பொறுத்தவரை பயம் அலகைப் பற்றியது அல்ல, சிறகடிப்பைப் பற்றியது. சும்மா நின்றுகொண்டிருந்த ஒன்று திடீரென்று படபடவென்று எழும். எந்தப் பக்கம் வரும் என்று தெரியாது. அந்த ஒரு நொடிதான் என் கால்களைக் கட்டிப்போடும்.

ஏழு வயதில், தோட்டத்து வீட்டில், ஒரு சேவல் என் முதுகில் ஏறியது. நான் அலறியதைப் பார்த்து உறவினர் ஒருவர் அந்தச் சேவலையே பிடித்துக்கொண்டு வந்து, "பாரு, ஒண்ணும் செய்யாது" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினார். பயம் தெளியட்டும் என்ற நல்ல எண்ணம்தான். தெளியவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் என்னோடு தங்கிவிட்டது.

போன ஆண்டு அத்தைக்கு, அதாவது என் கணவரின் அம்மாவுக்கு, முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அவரைத் தனியே விட முடியாது என்று பந்திங் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கே குடி போனோம். அந்த வீட்டின் பின்கட்டில் ஒன்பது கம்பத்துக் கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. கணவருக்கு ஜொகூரில் வேலை. வார இறுதியில்தான் வருவார். அத்தை குனியக் கூடாது, ஈரத் தரையில் நடக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் வாரம் பக்கத்து வீட்டு மாக்சிக் தீவனம் போட்டார். எத்தனை நாளைக்கு அவரைக் கேட்பது?

"வித்துடலாம்மா. ஒருத்தங்க கேட்டு வச்சிருக்காங்க" என்றார் அத்தை. முகத்தில் எதுவும் காட்டவில்லை. ஆனால் நான் குரலை வைத்துப் பிழைப்பவள். அந்தக் குரல் கடைசி வார்த்தையில் இறங்கியது எனக்குக் கேட்டது.

அந்தக் கோழிகளுக்கு ஒரு கதை இருக்கிறது. அத்தை பால்மரம் வெட்டிய காலத்தில், வீட்டுச் சம்பளம் முழுவதும் மாமாவின் கைக்குப் போகும். முட்டைக் காசு மட்டும் அத்தையுடையது. என் கணவரின் பள்ளிப் பேருந்துக் கட்டணம், ஐந்தாம் படிவம் வரை புத்தகங்கள், தீபாவளிச் சட்டை எல்லாம் அந்தக் காசில்தான். தோட்டத்தை விட்டு வெளியேறிய அன்று, கட்டில் அலமாரியோடு நான்கு கோழிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாராம். இன்று இருப்பவை அவற்றின் வம்சம். விற்றால் சில நூறு ரிங்கிட் கிடைக்கும். அத்தை இழப்பதற்கு அது ஈடாகாது.

இன்னொரு காரணம் என் நான்கு வயது மகள். அவளைக் கோழி கொத்தியதும் இல்லை, துரத்தியதும் இல்லை. ஆனாலும் சிறகடிக்கும் சத்தம் கேட்டால் நாற்காலி மேல் ஏறிக்கொள்வாள். பிள்ளைகள் பயத்தைப் பட்டுத்தான் கற்க வேண்டும் என்பதில்லை. பெற்றவர்கள் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். அவள் என்னைப் பார்த்துக் கற்றிருந்தாள்.

"ஆறு வாரம் குடுங்க அத்தை. அதுக்குள்ள நான் பழகிக்கிறேன்" என்றேன். என் பயம் அவருக்குத் தெரியும். அவர் சிரிக்கவில்லை. "உன் இஷ்டம்மா, மெதுவா செய்" என்றார்.

ஊடகக் கல்வி படித்தபோது உளவியலும் ஒரு பாடம். அதில் படித்த ஒரு சம்பவம் அப்போது நினைவுக்கு வந்தது. 1924-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு முயலைக் கண்டால் நடுக்கம். யாரும் முயலை அவன் மடியில் தூக்கி வைக்கவில்லை. அவனுக்குப் பிடித்த சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு, கூண்டில் இருந்த முயலைத் தூரத்தில் வைத்தார்கள். அவன் தாங்கும் அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கடித்து விளையாட அவனே கையை நீட்டினான். பின்னாளில், 1958-இல், ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் இதே போன்ற படிப்படியான முறையை ஒரு சிகிச்சையாகவே எழுதி வைத்தார்.

என் உறவினர் செய்ததற்கு நேர் எதிரான வழி இது. இதில் தூரத்தை முடிவு செய்பவர் பயப்படுகிறவர்.

எனக்குப் பழக்கமான இடத்திலிருந்து, அதாவது காதிலிருந்து, தொடங்கினேன். ஜன்னலுக்குள் இருந்தபடியே கைப்பேசியில் கோழிச் சத்தங்களைப் பதிவு செய்தேன். வேலைக்குப் போகும்போது காரில், முதலில் மிகக் குறைந்த ஒலியில் கேட்டேன். நாலைந்து நாளில் ஒலியைக் கூட்ட முடிந்தது. மாலையில் அத்தையிடம் போட்டுக் காட்டினால், அவர் ஒவ்வொன்றுக்கும் பொருள் சொன்னார். "இது முட்டை போட்ட கொக்கரிப்பு. இது சேவல் தீனியைக் கண்டுட்டுப் பெட்டைகளைக் கூப்பிடுறது. இது மேல பருந்து இருக்குன்னு சொல்றது." வானத்தில் வரும் ஆபத்துக்கு ஒரு சத்தம், தரையில் வரும் ஆபத்துக்கு வேறு சத்தம் எனக் கோழிகள் பிரித்தே எழுப்புகின்றன என்பதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். அத்தைக்கு அது தோட்டத்திலேயே தெரிந்திருக்கிறது.

அதுவரை எனக்கு வெறும் இரைச்சலாக இருந்தது பேச்சாக மாறியது. சிறகடிப்பும் அப்படித்தான். கட்டையிலிருந்து இறங்கும்போது, மண்ணில் புரண்டு குளித்து எழும்போது, இன்னொரு கோழி தன் இடத்துக்கு வரும்போது என்று அதற்கென்று நேரங்கள் இருந்தன. அடுத்து என்ன நடக்கும் என்று பாதியாவது தெரிந்துவிட்டால், பயம் பாதியாகிவிடுகிறது.

இரண்டாவது வாரம் நாற்காலி. கம்பி வேலியிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டு, தேநீரோடு உட்கார்ந்தேன். படபடப்பு அடங்கும் வரை எழுந்திருக்கக் கூடாது, அடங்கிய பிறகு நாற்காலியை ஓரடி நகர்த்தலாம் என்பது எனக்கு நானே போட்ட விதி. சில நாள் பத்து நிமிடத்தில் அடங்கியது. சில நாள் அரைமணி நேரம் ஆகியும் தேநீரைத் தொடவில்லை. அன்று நாற்காலி அதே இடத்தில்தான்.

வேலியை ஒட்டி உட்கார வந்தபோது மூன்றாவது வாரம் முடிந்திருந்தது. அதற்குள் எந்தக் கோழி முதலில் தின்னும், எது காத்திருக்கும் என்பது தெரிந்துவிட்டது. இந்தக் கொத்தல் வரிசையை நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெருப்-எபே என்பவர் 1920-களிலேயே எழுதி உலகுக்குச் சொன்னார். வரிசையில் கடைசியாக நின்ற சாம்பல் நிறக் கோழிக்கு நான் தனியாக நொய் போட ஆரம்பித்தேன்.

வேலிக்குள் முதலில் போன நாளில் என் கோலத்தைச் சொல்ல வேண்டும். மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், கணவரின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். மாக்சிக் வேலி மேல் எட்டிப் பார்த்து, "நாக் பெர்கி பெராங் கே?" என்றார். போருக்கா போகிறாய் என்று கேட்கிறார்! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே தீவனத்தைக் கொட்டிவிட்டு வெளியே வந்தேன். அடுத்த வாரம் ஹெல்மெட் தேவைப்படவில்லை.

தொடுவதற்கு அத்தை சொன்ன வழி இரவு. கோழிகளுக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. கட்டையில் ஏறி அடைந்துவிட்டால் அசையாது. வேலை முடிந்து வந்து, மங்கிய விளக்கோடு போய், சாம்பல் கோழியின் முதுகில் இரண்டு விரல் வைத்தேன். இறகுக்கு அடியில் இவ்வளவு சூடு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. "அது உன்னைவிடப் பயப்படும்" என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். உண்மைதான், ஆனால் அந்தத் தகவல் எனக்கு ஒருநாளும் உதவியதில்லை. அந்தச் சூடு உதவியது.

ஆறாவது வாரம் ஒரு காலை, அதே சாம்பல் கோழி நொண்டியது. காலில் நைலான் நூல் சுற்றி, விரல் வீங்கியிருந்தது. அப்படியே விட்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் போய்விடும் என்றார் அத்தை. அவரால் குனிய முடியாது. மாக்சிக் ஊரில் இல்லை. அத்தை பின்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ரெண்டு கையாலயும் இறக்கையைச் சேத்து அமுக்கிப் பிடி. தூக்கி அக்குள்ல வை. காலுக்கு அடியில கை குடு, அப்பத்தான் அது உதறாது" என்று சொல்லச் சொல்லச் செய்தேன். கை நடுங்கியது. ஒரு முறை நழுவி, சிறகு என் கன்னத்தில் அடித்தது. நான் பயந்துகொண்டிருந்த அந்த நொடி வந்தது, போனது. மறுபடி பிடித்தேன்.

அத்தையின் மடியருகே கொண்டுபோய் நின்றேன். கோழியின் நெஞ்சு என் உள்ளங்கையில் விடாமல் அடித்தது. கோழியின் இதயம் சாதாரணமாகவே நிமிடத்துக்கு 200 முறைக்கு மேல் துடிக்கும். அத்தை சின்னக் கத்தரியால் நூலை ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுத்தார். மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி மேல் ஏறவில்லை.

கோழி வளர்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தாமான் வீடாக இருந்தால் உங்கள் ஊராட்சி மன்றத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்; இடத்துக்கு இடம் விதி மாறும். இரவில் கூண்டைப் பூட்டுங்கள். மூசாங்கும் மலைப்பாம்பும் காத்திருக்கும். கோழியையோ முட்டையையோ தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகவே ஆகும் என்பதால், முட்டையிடும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். காலையில் கூடு காலியாக இருந்தால் மதியம் பாருங்கள்.

பயத்தோடு இருப்பவர்களுக்கும் ஒன்று. மூச்சு முட்டும், மயக்கம் வரும், வெளியே போகவே முடியவில்லை என்ற அளவுக்குப் பயம் இருந்தால், தனியாக முயல வேண்டாம். கிளினிக் கெசிஹாத்தானில் மருத்துவரிடம் சொன்னால் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். இது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல.

என் பயம் முழுவதும் போய்விட்டதா? இல்லை. ரயில் நிலையத்தில் புறாக் கூட்டம் எழுந்தால் இன்னும் தூணை ஒட்டி நின்றுகொள்வேன். சேவலுக்கும் எனக்கும் இடையே மரியாதையான இடைவெளி இருக்கிறது. ஆனால் கோழிகளை விற்கவில்லை. 2022 இறுதியில் முட்டைத் தட்டுப்பாடு வந்து, நாமக்கல் முட்டை நம் நாட்டுக்குக் கப்பலேறி வந்தது நினைவிருக்கும். அப்போதும் அத்தை வீட்டில் முட்டை இருந்தது, இப்போதும் இருக்கிறது. விற்ற காசை அவர் பழைய மைலோ டின்னில் போட்டு வைக்கிறார். பேத்தியின் பள்ளிப் பேருந்துக்காம்.

உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்றுக்குப் பயப்படுகிற பிள்ளை இருக்கலாம், பெரியவரும் இருக்கலாம். அதைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். ஒரு நாற்காலி கொடுங்கள். அதை எங்கே போடுவது என்று அவரே சொல்லட்டும்.