வறண்ட நிலத்துப் பூஞ்சைக்கும் உலர்தாவரகத்தில் ஓர் உறை வேண்டும்

ஹவுரா, ஷிப்பூர் தாவரவியல் பூங்காவின் பேராலமரத்தைக் காண வருவோர் பலரும் தேடுவது அதன் அடிமரத்தைத்தான். 1864, 1867ஆம் ஆண்டுகளின் புயல்களில் ஊறுபட்ட அடிமரம், பூஞ்சையால் சிதைந்து 1925இல் அகற்றப்பட்டது. இன்று மரம் விழுதுகளின் மீதே நிற்கிறது. மத்திய தேசிய உலர்தாவரகமும் இதே வளாகத்தில்தான் உள்ளது. மரச்சிதைவுப் பூஞ்சைகளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ஈரம் மிக்க வங்காளத்தின் பாலிபோர் பூஞ்சைகளைச் சகாய் ராம் போஸ் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொடர் கட்டுரைகளாக விவரித்தார். நாமோ இன்றும் பெரும்பாலும் மழைக்காடுகளையே நாடுகிறோம். தார் போன்ற வறண்ட நிலத்தில் பூஞ்சை அரிது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அங்கும் பூஞ்சை மரத்தின் வைரத்திலும் வேரிலும் மறைந்து வாழ்கிறது. பல்லாண்டு நிலைக்கும் கட்டை போன்ற வித்துடல்கள் கோடையைத் தாங்குகின்றன. மென்மையானவை மழைக்குப் பின் சில நாள்களே தோன்றி மறைகின்றன. ஆகவே, ஒருமுறை சென்று வெறுங்கையுடன் திரும்பியது பூஞ்சை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

கைப்பேசிப் படம் போதாதா என நண்பர்கள் வினவுகின்றனர். போதாது. இராஜஸ்தானில் வன்னி மரங்களின் வேரழுகலுக்குக் காரணமாகக் கனோடெர்மா லூசிடம் பதிவாகியுள்ளது. அப்பெயர் முதலில் இங்கிலாந்துப் பூஞ்சை ஒன்றுக்கு இடப்பட்டது. ஆசியாவில் அப்பெயரால் வழங்கப்பட்டவற்றுள் பல வேறு இனங்கள் என்பதை டி.என்.ஏ. ஆய்வுகள் காட்டியுள்ளன. வன்னியைத் தாக்கியது எது என்பதை இனிச் சரிபார்க்க வேண்டுமெனில், உலர்த்திய மாதிரி நம் கையில் இருத்தல் வேண்டும். மாதிரி இல்லாத பதிவு வெறும் பெயரே.

குறிப்பு இல்லாத மாதிரியும் அரைப்பயனே தரும். எந்த மரம், உயிருள்ளதா பட்டதா, வேரா தண்டா, வெண்சிதைவா பழுப்புச் சிதைவா, பறித்தபோது இருந்த நிறம், இடம், நாள் ஆகியவற்றை மரத்தடியிலேயே எழுதிவிட வேண்டும். சிதைந்த மரத்துண்டு ஒன்றையும் உடன் எடுத்தல் நன்று. இதற்காக உயிருள்ள மரத்தை வெட்டலாகாது.

பல்கலைக்கழகங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: பூஞ்சை வகைப்பாட்டு ஆய்வேட்டை ஏற்குமுன், மாதிரிகளின் உலர்தாவரகப் பதிவெண்களைக் கேளுங்கள். இடமும் பணியாளரும் போதவில்லை என்னும் குறை உண்மையே. ஆயினும், இழந்த மாதிரியை எந்த நிதியாலும் மீட்க இயலாது.

நூறாண்டுக்குப் பின் ஒரு மாணவர், இந்த வன்னியைச் சாய்த்தது எது என்று கேட்கக்கூடும். அன்று அவரிடம் ஓர் உறையை எடுத்து நீட்ட முடிய வேண்டும்.